அழிய மறுக்கும் கோப்புகள்: காரணங்களும் நீக்கும் முறைகளும்

கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை நடந்துவந்த காலத்தில், கீழே இறங்கும் ஒவ்வொருவருடைய பெயரும் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். இந்தியச் சுரங்கங்கள் யாவற்றுக்கும் அக்காலத்தில் பொதுவாக இருந்த விதி இது. எந்தக் கணத்திலும் பூமிக்கடியில் இருப்போர் யார் யார் என்பதைக் காட்டும் பதிவேடு ஒன்று ஒவ்வொரு சுரங்கத்திலும் இருத்தல் வேண்டும் என்று 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் கூறியது. இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஒருவர் எஞ்சியிருக்கும் வரையில் சுரங்கத்தின் வழியை அடைப்பதோ, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை நிறுத்திவிடுவதோ கூடாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அவ்வளவு ஆழத்தில் நிற்கும் ஒருவரை மேலிருப்பவர் கண்ணால் காண இயலாது. பதிவேடுதான் அவருக்குக் கண்.

கணிப்பொறியிலும் இதனை ஒத்த பதிவேடு ஒன்று இடைவிடாமல் எழுதப்பட்டு வருகிறது. எந்தக் கோப்பினை எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்பதை இயக்க முறைமை அதில் குறித்துக்கொள்கிறது. பயன்படுத்துவோர் ஒரு கோப்பினை நீக்குமாறு கட்டளையிடும்போது கணிப்பொறி சில வேளைகளில் மறுத்துவிடுகிறது. அம்மறுப்புக்குப் பெரும்பாலும் அப்பதிவேடே காரணம். மறுப்பினைக் கண்டவுடன் பலரும் இயந்திரம் பழுதடைந்துவிட்டதென்று கருதி, பலவந்தமான வழிகளை நாடுகின்றனர். மறுப்பு ஏன் எழுகிறது, அதனை எம்முறையில் தீர்ப்பது, பலவந்தத்தினால் விளையும் கேடு யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்கும்.

விளக்கத்தின் பொருட்டு ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தங்கவயலின் கடைத்தெருப் பகுதியாகிய ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறு அலுவலகம் உள்ளது. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுடைய பணிப்பதிவேடுகள் அங்கே படமெடுக்கப்பட்டுக் கணிப்பொறியில் சேமிக்கப்படுகின்றன. ஒரு தொழிலாளியின் பதிவேடு தவறுதலாக இருமுறை ஏறிவிட்டது. முதல் பிரதியில் பிறந்த ஆண்டு பிழையாக உள்ளது; இரண்டாவது பிரதி சரியானது. எழுத்தர் முதல் பிரதியை நீக்க முனைகிறார். கணிப்பொறி மறுக்கிறது. பிழையான பிரதி எஞ்சினால் பிற்காலத்தில் அம்மனிதருடைய உரிமைக்கே குந்தகம் நேரலாம். அவசரத்தில் சரியான பிரதியும் சேர்ந்து அழிந்தாலோ நட்டம் இன்னும் பெரிது. எழுத்தர் செய்ய வேண்டுவது என்ன?

கோப்பு என்பது யாது?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், கோப்பு ஒன்று கணிப்பொறியில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிதல் வேண்டும். கோப்பு மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, அதன் பெயர். இது கோப்புறை எனப்படும் பட்டியலில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, அதன் விவரக் குறிப்பு. கோப்பின் அளவு, உரிமையாளர், அதனைப் படிக்கவும் திருத்தவும் யாருக்கு அனுமதி உண்டு, உள்ளடக்கம் வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் உள்ளது என்பவை இக்குறிப்பில் அடங்கும். மூன்றாவது, உள்ளடக்கம். இது வட்டின் கட்டங்களில் பல இடங்களில் பரவிக் கிடக்கலாம்.

நீக்குதல் என்னும் செயல் முதல் இரண்டு பகுதிகளையே பெரும்பாலும் தொடுகிறது. பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. கட்டங்கள் காலியானவை என்று குறிக்கப்படுகின்றன. உள்ளடக்கம் அந்நேரத்தில் துடைக்கப்படுவதில்லை. நூலகத்தில் ஒரு நூலின் அட்டையை மட்டும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, நூலை அலமாரியிலேயே விட்டுவைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். வேறொரு நூல் அவ்விடத்துக்கு வரும்போதுதான் பழைய நூல் அகற்றப்படும். பல கோடி எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய கோப்பு நொடிப்பொழுதில் நீங்கிவிடுவதற்குக் காரணம் இதுவே.

மறுப்புக்கான காரணங்கள்

கோப்பு நீங்க மறுப்பதற்குரிய காரணங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கோப்பு உபயோகத்தில் இருத்தல். நிரல் ஒன்று கோப்பினைத் திறக்கும்போது இயக்க முறைமை அதற்கு ஓர் எண்ணை அளிக்கிறது. இவ்வெண்ணைக் கைப்பிடி என்று அழைப்பது வழக்கம். விண்டோஸ் முறைமையில், கோப்பினைத் திறக்கும் நிரல், தான் வைத்திருக்கும் காலத்தில் மற்றவர்கள் அதனைப் படிக்கலாமா, திருத்தலாமா, நீக்கலாமா என்பதையும் அறிவிக்கிறது. நீக்குவதற்கு அது இடந்தரவில்லையெனில், கைப்பிடி விடப்படும் வரை நீக்கம் நடவாது. இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கோப்பினைத் திறந்து வைத்திருக்கும் நிரல் பயன்படுத்துவோரின் கண்ணுக்குத் தென்படும் நிரலாகவே இருக்க வேண்டியதில்லை. நச்சுநிரல் தடுப்பி கோப்பினைச் சோதித்துக் கொண்டிருக்கலாம். தேடல் அட்டவணை தயாரிக்கும் நிரல் அதனைப் படித்துக் கொண்டிருக்கலாம். அச்சுப்பொறிக்கு அனுப்பிய வேலை முடியாமல் வரிசையில் நிற்கலாம். சிறு படமாக முன்தோற்றம் காட்டும் சாளரமே அதனைப் பற்றியிருக்கலாம். வலையமைப்பின் வழியாக மற்றொரு மேசையிலிருந்து வேறொருவர் அதனைத் திறந்து வைத்திருத்தலும் உண்டு.

இரண்டாம் வகை, அனுமதியின்மை. கோப்பின் உரிமையாளர் வேறொருவராக இருக்கலாம். அல்லது படிக்க மட்டுமே உரியது என்னும் குறி அதன்மேல் இடப்பட்டிருக்கலாம். விண்டோஸ் விஸ்டா வெளிவந்த காலம் முதல், முறைமையின் சொந்தக் கோப்புகள் பலவற்றுக்கு டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்னும் தனிக் கணக்கு உரிமையாளராக வைக்கப்பட்டுள்ளது. மேலாளர் கணக்கில் நுழைந்தவரும் அவற்றை எளிதில் நீக்க இயலாது. இது வேண்டுமென்றே செய்யப்பட்ட காப்பு ஆகும்.

மூன்றாம் வகை, பெயரில் உள்ள சிக்கல். கோப்பின் முழுப் பாதை, அதாவது வட்டின் பெயர் தொடங்கிக் கோப்புறைகளின் பெயர்களையும் கோப்பின் பெயரையும் சேர்த்த மொத்த நீளம், விண்டோஸில் நெடுங்காலமாக 260 எழுத்துகளுக்கு உட்பட்டதாகவே இருந்து வந்தது. 2016-ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பு முதல் இவ்வரம்பினைத் தளர்த்தும் வசதி உள்ளது. ஆயினும் எல்லா நிரல்களும் அதற்கு இசைந்தவை அல்ல. கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிப் பெயர்களை நீட்டி எழுதும் அலுவலகங்களில் இச்சிக்கல் அடிக்கடி எழும். மேலும், கான், ஆக்ஸ், நல் போன்ற சில சொற்கள் பழைய டாஸ் காலம் முதல் சாதனங்களின் பெயர்களாக ஒதுக்கப்பட்டவை. வேறு முறைமையிலிருந்து இப்பெயருடன் ஒரு கோப்பு வந்து சேர்ந்தால், விண்டோஸ் அதனைக் கோப்பாகக் கொள்ளாமல் சாதனமாகக் கொண்டு தடுமாறும். பெயரின் இறுதியில் புள்ளியோ வெற்றிடமோ இருப்பினும் இவ்வாறே நேரும்.

நான்காம் வகை, வட்டின் பழுது. மின்சாரம் திடீரென நின்றாலோ, செருகியிருந்த நினைவகக் குச்சியை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கினாலோ, பெயர்ப் பட்டியலும் விவரக் குறிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். அந்நிலையில் கோப்பு பட்டியலில் தென்படும். தொட முயன்றால் இல்லை என்று விடை வரும். நினைவக அட்டைகள் சிலவற்றின் ஓரத்தில் எழுதுவதைத் தடுக்கும் சிறு நகர்விசை உண்டு; அது தவறிப் பூட்டப்பட்டிருக்கலாம். தேய்ந்துபோன நினைவகங்களுள் சில, எஞ்சிய விவரங்களையேனும் காக்கும்பொருட்டு, படிக்க மட்டும் இயலும் நிலைக்குத் தாமாகவே மாறிவிடுவதும் உண்டு. அவற்றில் ஒரு கோப்பினையும் நீக்க முடியாது. விவரங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு குச்சியை மாற்றுவதே செய்யத்தக்கது.

ஐந்தாம் வகை, தீங்கு நிரல்கள். இவை தம் கோப்பினைத் தாமே பற்றிக்கொண்டிருக்கும். சில, இரண்டு நிரல்களாக இயங்கி, ஒன்றின் கோப்பு நீக்கப்பட்டால் மற்றொன்று அதனை மீண்டும் எழுதி வைக்கும்.

நீக்கும் முறை

மேற்கூறிய காரணங்களை அறிந்தபின் செய்முறை எளிதாகும். எளியதை முதலிலும் கடுமையானதை இறுதியிலும் செய்தல் வேண்டும்.

முதற்படியாக, மறுப்புச் செய்தியை முழுவதும் படித்தல் வேண்டும். கோப்பு வேறொரு நிரலில் திறந்துள்ளது என்று கூறுகிறதா, அனுமதி இல்லை என்று கூறுகிறதா, பாதை நீளமானது என்று கூறுகிறதா என்பதைப் பொறுத்தே வழி மாறும். செய்தியைப் படியாமல் மூடிவிடுவோர் நோயைக் கேளாமல் மருந்து தருவோரை ஒப்பர்.

இரண்டாம் படியாக, அக்கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். நீக்கப் போகும் பொருளுக்குப் பிரதி எதற்கு என்று தோன்றலாம். நீக்கியது தவறான கோப்பு என்று பின்னர் தெரிய வந்தால், அப்பிரதியே துணை. கோப்பினைப் படிக்கவும் இயலாத நிலையில் பிரதி எடுத்தல் கூடாதாயின், அதுவே ஓர் எச்சரிக்கை. வட்டின் பழுதினை ஐயுற வேண்டும்.

மூன்றாம் படியாக, திறந்துள்ள நிரல்களை ஒவ்வொன்றாக முறைப்படி மூடி, முன்தோற்றச் சாளரத்தையும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுதல் வேண்டும். நச்சுநிரல் தடுப்பியின் சோதனை போன்றவை சில நொடிகளில் தாமே முடிந்துவிடும்.

நான்காம் படியாக, கோப்பினைப் பற்றியிருப்பது யார் என்று கண்டறிதல் வேண்டும். விண்டோஸில் உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் என்னும் கருவியில் கோப்பின் பெயரை இட்டுத் தேடினால், அதனைத் திறந்து வைத்துள்ள நிரலின் பெயர் தென்படும். மார்க் ருஸ்ஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகியோர் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுதியில் உள்ள பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்னும் கருவியும் இதனைச் செய்யும். அத்தொகுதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006-இல் ஏற்றது. 2022-இல் அந்நிறுவனம் தன் பவர்டாய்ஸ் தொகுதியில் ஃபைல் லாக்ஸ்மித் என்னும் கருவியைச் சேர்த்தது. கோப்பின் மீது வலப்புறச் சுட்டெலி விசையை அழுத்தியே இதனை அழைக்கலாம். நிரலின் பெயர் தெரிந்தபின், அந்நிரலில் செய்துவந்த வேலையைச் சேமித்துவிட்டு அதனை மூடினால் போதும்.

ஐந்தாம் படி, கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்குதல். எல்லாக் கைப்பிடிகளும் இதனால் விடுபடுகின்றன. மீண்டும் தொடங்கியவுடன் அதே நிரல் தானே எழுந்து கோப்பினைப் பற்றுமாயின், சேஃப் மோட் என்னும் குறைந்தபட்ச இயக்க நிலையில் தொடங்கி நீக்கலாம். அன்றியும், அடுத்த தொடக்கத்தின்போது இக்கோப்பினை நீக்குக என்னும் கட்டளையை முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. மற்ற நிரல்கள் எழுமுன்னரே அக்கட்டளை நிறைவேறிவிடும். புதிய பதிப்புகளை நிறுவும் நிரல்கள், உபயோகத்தில் உள்ள பழைய கோப்புகளை இவ்வழியிலேயே மாற்றுகின்றன. நிறுவியபின் கணிப்பொறியை மீண்டும் தொடங்குமாறு அவை கேட்பதன் காரணமும் இதுவே.

அனுமதிச் சிக்கலாயின், படிக்க மட்டும் என்னும் குறியை எடுத்துவிட்டோ, மேலாளரைக் கொண்டு உரிமையை மாற்றியோ நீக்கலாம். அலுவலகக் கணிப்பொறியில் உரிமையாளருக்குத் தெரியாமல் இதனைச் செய்தல் முறையன்று. முறைமைக்குச் சொந்தமான கோப்புகளின் உரிமையை மாற்றவே கூடாது.

பாதை நீளமாயின், வெளிக் கோப்புறைகளின் பெயர்களை ஓரிரு எழுத்தாகச் சுருக்கினால் மொத்த நீளம் வரம்புக்குள் வந்துவிடும். ஒதுக்கப்பட்ட பெயராயின், கட்டளைச் சாளரத்தில் முழுப் பாதையின் முன் இரண்டு பின்சாய்கோடு, ஒரு வினாக்குறி, ஒரு பின்சாய்கோடு என்னும் நான்கு குறிகளை இட்டு நீக்கலாம். பெயரைப் பற்றிய வழக்கமான சோதனைகளைச் செய்யாமல் உள்ளபடியே கொள்க என்பது அக்குறிகளின் பொருள்.

வட்டின் பழுதாயின், முதலில் மற்றக் கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு, பின்னரே செக்டிஸ்க் என்னும் சோதனையை நடத்த வேண்டும். சோதனை பட்டியல்களைத் திருத்தி எழுதும். தேய்ந்த வட்டு அவ்வுழைப்பைத் தாங்காமல் முற்றும் பழுதாகலாம். தீங்கு நிரலாயின், தனித்தனிக் கோப்புகளைத் துரத்திப் பயனில்லை. முறைமை இயங்காத நிலையில் வெளியிலிருந்து சோதிக்கும் தடுப்பியைக் கொண்டு முழுவதும் களைய வேண்டும்.

பலவந்தத்தின் விளைவு

நான்காம் படியில் கூறிய கருவிகளுள் சிலவற்றால், நிரலை மூடாமலேயே அதன் கைப்பிடியை மட்டும் வலிந்து பறித்துவிடவும் முடியும். கோப்பு உடனே நீங்கும். ஆயின் இதில் மறைந்துள்ள அபாயத்தை உணர்தல் வேண்டும்.

கைப்பிடி என்பது ஓர் எண் என்று கூறினோம். வங்கியில் தரப்படும் முறைச்சீட்டினைப்போல, ஓர் எண் விடுபட்டவுடன் இயக்க முறைமை அதனை அதே நிரல் அடுத்துத் திறக்கும் கோப்புக்கு அளித்துவிடலாம். கைப்பிடி பறிக்கப்பட்டதை அந்நிரல் அறியாது. தன்னிடம் உள்ள எண் பழைய கோப்பினையே குறிப்பதாக அது நம்பியிருக்கும். பழைய கோப்புக்கென எழுதும் விவரம் அவ்வெண்ணைப் பெற்ற புதிய கோப்பில் போய் விழும். இதனை அறிவிக்கும் செய்தி ஒன்றும் திரையில் வராது.

ராபர்ட்சன்பேட்டை எழுத்தரின் நிலையை இப்பொழுது எண்ணிப் பார்க்கலாம். பிழையான பிரதியைப் பற்றியிருந்தது பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் நிரலே என்று கொள்வோம். அவர் கைப்பிடியைப் பறித்துக் கோப்பினை நீக்கினார். நிரல் அடுத்து மற்றொரு தொழிலாளியின் பதிவேட்டினைத் திறந்தது. அதே எண் அதற்குக் கிடைத்தது. முதல் மனிதருக்குரிய விவரம் இரண்டாம் மனிதருடைய பதிவேட்டின்மேல் எழுதப்பட்டது. பிழை வெளிப்படுவது பல மாதங்களுக்குப் பின், அம்மனிதர் தமக்குரியதைக் கேட்டு வாயிலில் வந்து நிற்கும்போதுதான். அவருடைய சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. வேறு சான்று எளிதில் கிடைக்காது. நிரலைச் சேமித்து மூடியிருந்தால் இரண்டு நிமிடங்களில் முடிந்திருக்கக் கூடிய வேலை இது.

யூனிக்ஸ் வழி

இதுவரை கூறியவை விண்டோஸ் முறைமைக்கு உரியவை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸும், அவ்வழியைப் பின்பற்றும் லினக்ஸும் வேறொரு கொள்கையைக் கைக்கொள்கின்றன. அவற்றில் ஒரு கோப்பினை நிரல் திறந்து வைத்திருந்தாலும் அதனை நீக்கலாம். பெயர் உடனே பட்டியலிலிருந்து மறையும். ஆயின் கைப்பிடி விடப்படும் வரை உள்ளடக்கம் வட்டில் நிலைத்திருக்கும். நிரல் அதனை முன்போலவே படிக்கவும் எழுதவும் செய்யும். ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருத்தலும் அம்முறைமையில் இயல்பு. கடைசிப் பெயரும் கடைசிக் கைப்பிடியும் நீங்கிய பின்னரே கட்டங்கள் விடுபடுகின்றன.

இதனால் ஒரு விந்தையான நிலை ஏற்படுவதுண்டு. வட்டு நிறைந்துவிட்டதென்று கண்டு பெரிய நிகழ்ச்சிக் குறிப்புக் கோப்பு ஒன்றினை நீக்குகிறோம். கோப்பு பட்டியலில் இல்லை. வட்டோ நிறைந்தபடியே உள்ளது. குறிப்பினை எழுதும் நிரல் அதனை இன்னும் பற்றியிருப்பதே காரணம். எல்.எஸ்.ஓ.எப். என்னும் கட்டளை, பெயர் நீங்கியும் திறந்துள்ள கோப்புகளைக் காட்டும். உரிய நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் விடுபடும்.

அனுமதி குறித்தும் ஒரு வேற்றுமை உண்டு. யூனிக்ஸ் வழியில் நீக்கும் உரிமை கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று; அது கோப்புறையின் அனுமதியைப் பொறுத்தது. பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதே நீக்கம் ஆதலால், பட்டியலைத் திருத்தும் உரிமை உடையவரே நீக்கவும் வல்லவர். பெயர் இணைகோட்டுக் குறியுடன் தொடங்கினால் அதனைக் கட்டளையின் ஒரு பகுதியாக முறைமை கொண்டுவிடும். பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டால் இச்சிக்கல் தீரும்.

மறுக்க வேண்டிய கோப்புகள்

எல்லாக் கோப்புகளும் எளிதில் நீங்குதல் நன்றன்று. 1965-ஆம் ஆண்டில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தினருடனும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினருடனும் சேர்ந்து, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் கருவிகளை அமைத்து, வாயுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களின் விளைவைப் பதிவு செய்தனர். அத்தகைய பதிவுகள் உலகில் முதன்முதலாகக் கிடைத்தவற்றுள் சேர்ந்தவை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழ்நிலைகளில் நீர் நிறைந்துவிட்டது. அவ்விடத்தில் அச்சோதனையை மறுபடியும் செய்து பார்க்க இயலாது. மீண்டும் பெற முடியாத அளவீடு எதுவாயினும், அதனைத் தாங்கிய கோப்பு நீக்கத்துக்கு இணங்காதிருத்தலே வேண்டற்பாலது.

இதற்கும் வழி உண்டு. லினக்ஸின் கோப்பு அமைப்புகள் பலவற்றில் மாறாக் குறி என்று கூறத்தக்க ஒரு குறியைக் கோப்பின்மேல் இடலாம். அக்குறி எடுக்கப்படும் வரை முறைமையின் தலைமைக் கணக்கினாலும் அதனைத் திருத்தவோ நீக்கவோ முடியாது. ஆகவே, காரணம் புலப்படாமல் மறுக்கும் கோப்பு ஒன்றினைக் கண்டால், அதனை யாரேனும் வேண்டுமென்றே காத்து வைத்தனரா என்று விசாரித்தல் முதற்கடமை.

நீக்கம் வேறு, அழிவு வேறு

கோப்பு நீங்கிவிட்டது, வேலை முடிந்ததா? இல்லை. தங்கவயலில் இதற்குக் கண்கூடான ஓர் ஒப்புமை உண்டு. தங்கம் எடுக்கப்பட்ட பாறைப்பொடி சயனைடு முறையில் பிரிக்கப்பட்டபின் ஆண்டாண்டாகக் கொட்டப்பட்டு, நகரின் ஓரத்தில் பெருமேடுகளாக நிற்கிறது. அதன் மொத்த எடை 3 கோடி டன்னுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. சுரங்கம் மூடப்பட்டதால் அம்மேடுகள் மறையவில்லை. காற்றடிக்கும் பருவத்தில் அவற்றின் தூசு வீடுகளின்மேல் படிகிறது. அவற்றில் எஞ்சியுள்ள சிறிதளவு தங்கத்தை மீட்கும் யோசனையும் மீண்டும் மீண்டும் எழுந்து வந்துள்ளது.

நீக்கிய கோப்பின் உள்ளடக்கமும் இவ்வாறே எஞ்சி நிற்கிறது. முதலில் அது மீள்கூடைக்குச் செல்கிறது. கூடையைக் காலி செய்த பின்னும் வட்டின் கட்டங்களில் கிடக்கிறது. பழைய டாஸ் முறைமையில் நீக்கம் என்பது பெயரின் முதலெழுத்தை ஒரு தனிக்குறியாக மாற்றி, கட்டங்களைக் காலியெனக் குறிப்பதே. பீட்டர் நார்ட்டன் 1982-இல் வெளியிட்ட மீட்புக் கருவி இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டே நீங்கிய கோப்புகளை மீட்டது. தவறி நீக்கியவர் அவ்வட்டில் வேறொன்றும் எழுதாமல் உடனே நிறுத்தினால் மீட்பதற்கு வாய்ப்புண்டு. தற்காலத்துத் திண்ம நினைவக வட்டுகளில், காலியான கட்டங்களை முறைமை அறிவித்தவுடன் வட்டே அவற்றைத் துடைக்கத் தொடங்குமாதலால், இவ்வாய்ப்பு மிகக் குறைவு.

இதன் மறுபக்கத்தையும் கருத வேண்டும். கணிப்பொறியை விற்கும்போதோ பிறருக்குத் தரும்போதோ கோப்புகளை நீக்கியதோடு அமைந்துவிடல் ஆகாது. வட்டு முழுவதையும் மேலெழுதியோ, வட்டிலேயே அமைந்துள்ள துடைப்புக் கட்டளையைக் கொண்டோ அழித்தல் வேண்டும். முன்னரே மறையாக்கம் செய்யப்பட்ட வட்டாயின், அதன் திறவுகோலை அழித்தாலே உள்ளடக்கம் படிக்க இயலாததாகிவிடும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், நோக்கம் நிறைவேறியபின் தனிநபர் விவரங்களை அழித்துவிடுதல் அவற்றை வைத்திருப்போரின் கடமை என்னும் விதி இடம்பெற்றுள்ளது. பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்தல் அக்கடமையை நிறைவேற்றியதாகாது.

தொகுத்துக் கூறின், கணிப்பொறியின் மறுப்பு பெரும்பாலும் ஒரு வினாவே ஆகும். இக்கோப்பினை இன்னும் ஒருவர் பற்றியிருக்கிறாரே, அவரிடம் கேட்டாயிற்றா என்று அது வினவுகிறது. மறுப்புச் செய்தியைப் படித்து, பிரதி எடுத்து, பற்றியிருப்பவரைக் கண்டறிந்து, அவரை முறைப்படி விடுவித்து, அதன்பின் நீக்குதல் என்பதே எக்காலத்துக்கும் பொருந்தும் வரிசை. சுரங்கத்தின் வழியை அடைக்குமுன் பதிவேட்டில் எஞ்சிய பெயர் உண்டா என்று பார்ப்பதற்குச் சற்று நேரமே பிடிக்கும். கோப்பினை நீக்குமுன்னும் அவ்வளவு நேரம் போதுமானது.